உயர்ந்த மரங்கள் ஒட்டி நிற்கும் செட்டிநாட்டு வீட்டை வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், இராயவரம் வட்டாரத்தில் பழைய வீடு வாங்க வருகிறவர்கள் பட்டா, வில்லங்கம், பங்காளிகள் கையெழுத்து எல்லாவற்றையும் நன்றாகவே விசாரிக்கிறார்கள். மரத்தைப் பற்றிக் கேட்பது கடைசியில், பெரும்பாலும் முன்பணம் கொடுத்த பிறகு. அப்போது சிலருக்கு ஒரே பயம், முதல் வேலையாக வெட்டிவிட வேண்டும் என்கிறார்கள். சிலர் மரம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கொல்லையில் 60 அடி வேப்பமரம் நிற்கிறது. பயந்து இந்த வீட்டை விட்டுவிடலாமா?

உயரம் ஒன்றை மட்டும் பார்த்து விட வேண்டாம். தூர் உறுதியாக, தலை சமனாக நிற்கும் பழைய வேம்பு பல ஆடிக் காற்றையும் பல ஐப்பசி மழையையும் தாங்கித்தான் அந்த உயரத்துக்கு வந்திருக்கும். அது வீட்டுக்கு மேற்கே நின்றால் பிற்பகல் வெயில் சுவரில் ஏறாது. சித்திரை, வைகாசியில் அடுப்படிக் கட்டுக்குள் நின்று பார்த்தால் அதன் அருமை தெரியும்.

மரத்தைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, இது யாராவது வைத்ததா, தானாக முளைத்ததா என்பது. செட்டிநாட்டுத் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, முன்தெருவிலிருந்து பின்தெரு வரை நீளும். முகப்பு, வளவு (உள்முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று அடுக்கிக் கட்டியவர்கள் கட்டடத்தை ஒட்டிப் பெரிய மரம் வைக்கும் வழக்கம் இல்லை. மரத்துக்கு ஊருணிக் கரை இருந்தது, கோயில் நந்தவனம் இருந்தது, தோட்டம் இருந்தது. இன்று சுவரை உரசிக்கொண்டு நிற்கும் மரங்களில் பல, வீடு பூட்டிக் கிடந்த வருடங்களில் தாமாக வந்தவை. வைத்த மரத்துக்கு இடம் பார்த்திருப்பார்கள். முளைத்த மரம் ஈரம் எங்கே கசிந்ததோ அங்கே நிற்கும். ஆகவே சுவரடியில் ஒரு மரம் செழித்திருந்தால், அந்த இடத்தில் உடைந்த குழாயோ, மூடாத வடிகாலோ, ஓட்டிலிருந்து வழியும் தண்ணீரோ இருக்கிறதா என்று தேடுங்கள். மரத்தைவிட அந்தக் கசிவு வீட்டுக்குக் கூடுதல் கெடுதல் செய்திருக்கும்.

மரவேர் அஸ்திவாரத்தைத் தூக்கிவிடும், வீடு விரிந்துவிடும் என்கிறார்களே?

இந்தப் பேச்சு பெரும்பாலும் களிமண் நாடுகளிலிருந்து வருகிறது. பிரிட்டனின் தென்கிழக்கில், லண்டனைச் சுற்றி, தண்ணீர் வற்றினால் சுருங்கி மழையில் உப்பும் களிமண் உண்டு. 1976ஆம் ஆண்டு வறட்சியில் மரங்கள் அந்த மண்ணின் ஈரத்தை உறிஞ்ச, அஸ்திவாரங்கள் இறங்கி ஏராளமான வீடுகள் விரிசல் கண்டன. அதற்குப் பிறகு அங்கே வீடு வாங்குகிறவர், கடன் கொடுக்கிறவர், காப்பீடு செய்கிறவர் எல்லோரும் மரத்தின் தூரத்தை அளக்கத் தொடங்கினார்கள். அந்த ஊருக்கு அது சரி.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து மண் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும் செம்பூராங்கல்லும். இவை அப்படிச் சுருங்கி உப்புவதில்லை. அதனால் மரம் தண்ணீர் குடித்து வீடு இறங்கும் ஆபத்து இங்கே குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறோம், இல்லை என்று சொல்லவில்லை. கண்மாய் ஓரம், தூர்ந்த ஊருணியை நிரப்பிய மனை, கரிசல் கலந்த பகுதி ஆகிய இடங்களில் கதை மாறும். சோதிப்பது எளிது. பங்குனி, சித்திரையில் கொல்லைத் தரையைப் பாருங்கள். விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடினால் அது களி. ஒரு பிடி மண்ணை நனைத்து உருட்டி, கட்டைவிரலால் நாடா மாதிரி நீட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் கவலை குறைவு. நீளமாக, வழவழப்பாக வந்தால் ஒரு பொறியாளரை அழைத்து மண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேர் நேரடியாகத் தள்ளுவது வேறு விஷயம். உணவும் ஈரமும் தேடும் வேர்களில் பெரும்பகுதி மேல்மட்டத்து 2, 3 அடிக்குள்தான் ஓடும். இலைவிரிப்பைத் தாண்டியும் வெகுதூரம் போகும். கனமான, ஆழமான அஸ்திவாரத்தை அவை சாதாரணமாக அசைப்பதில்லை. தளம், சுற்றுச்சுவர், கழிவுநீர்த் தொட்டி, கிணற்று உறை போன்ற லேசான, ஆழமில்லாத கட்டுமானங்களைத்தான் தூக்கும், உடைக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் ஒரு மூலையில் மட்டும் மேடு தட்டினால் அடியில் வேர் இருக்கலாம். எல்லாப் பக்கமும் கல் கிளம்பியிருந்தால் அது ஈரமும் பதிப்பும் செய்த வேலை.

விரிசல் மரத்தால் வந்ததா, வேறு காரணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய சுண்ணாம்புச் சுவரோடு பிற்காலத்தில் சிமெண்டில் குளியலறை, கழிப்பறை ஒட்டியிருப்பார்கள். இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் வரும் விரிசலுக்கு மரம் காரணமில்லை. புதுக் கட்டு தனியாக இறங்குகிறது, அவ்வளவுதான். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிப்படியாக ஏறும் விரிசல், அதுவும் மரம் நிற்கும் பக்கத்தில் மட்டும், கோடையில் அகன்று மழையில் சுருங்கினால் மண்ணையும் மரத்தையும் சேர்த்து ஆராய வேண்டும். விரிசலின் இரு கரையிலும் பென்சிலால் கோடிட்டு, தேதி எழுதி, அளந்து வையுங்கள். வீட்டை முடிக்கச் சில மாதம் ஆகும் என்றால் (பங்காளிகள் பலர் என்றால் எப்படியும் ஆகும்) அதற்குள் விரிசல் நகர்கிறதா என்று தெரிந்துவிடும்.

கைப்பிடிச் சுவரில் சின்ன அரசங்கன்று முளைத்திருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டால் போதுமா?

எல்லாக் கேள்விகளிலும் இதைத்தான் நாங்கள் பெரிதாக நினைக்கிறோம். கொல்லையில் நிற்கும் 60 அடி வேம்பைவிட, மேல்மாடிச் சுவரில் நிற்கும் ஒன்றரை அடி அரசோ ஆலோ அத்தியோதான் செட்டிநாட்டு வீட்டைப் பிளக்கிறது. வாங்க வருகிறவர்கள் கொல்லை மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு இதைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள்.

காகமும் மைனாவும் குயிலும் பழத்தைத் தின்று சுவரில் எச்சமிடும். சுண்ணாம்புக் காரையின் இடுக்கில் ஈரம் நிற்கும். விதைக்கு அது போதும். முதல் இரண்டு வருடம் செடி வளராத மாதிரியே தெரியும். அந்தக் காலத்தில் அது செங்கல்லுக்கும் காரைக்கும் நடுவே வேரை இறக்கிக்கொண்டிருக்கும். ஒரு முறை வேர் ஈரத்தையோ மண்ணையோ எட்டிவிட்டால் பிறகு தடிக்கும். தடிக்கும்போது சுவர் பிரியும், பிரிந்த வழியில் மழை இறங்கும், கீழே தேக்கு உத்திரத்தின் முனை சுவருக்குள் இருந்தபடியே இற்றுப்போகும். பர்மா தேக்கு என்றாலும் முனை வருடக்கணக்கில் நனைந்தால் கெடும்.

என்ன செய்வது என்பது செடியின் அளவைப் பொறுத்தது. விரல் தடிமனுக்கும் குறைவான கன்றை, மழை பெய்து சுவர் ஊறியிருக்கும்போது முழு வேரோடு உருவலாம். உருவிய கன்றைத் தூக்கி எறிய மனம் வராதவர்கள் ஊருணிக் கரையிலோ கோயில் பக்கத்திலோ நட்டுவிடலாம், நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஓட்டையைச் சுண்ணாம்புக் காரையால் அடையுங்கள். சிமெண்ட் வேண்டாம். பழைய சுவர் விடும் ஈரத்தை அது அடைத்துக்கொண்டு, பக்கத்திலேயே புது விரிசலை உண்டாக்கும்.

கன்று தடித்துவிட்டால் மேலே வெட்டுவதில் பயனில்லை, மறுபடி துளிர்க்கும். வெட்டிய வாயில் உடனே களைக்கொல்லியைத் தூரிகையால் தடவி, வேர் முழுவதும் காயும் வரை காத்திருந்து, பிறகுதான் சுவரைத் திறந்து எடுப்பார்கள். மருந்தைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்களிடம் விடுவது நல்லது. காய்ந்த வேர் உள்ளேயே மக்கினால் அந்த இடம் குழாய் போல வெற்றாகிவிடும். அதையும் நீர்த்த சுண்ணாம்புக் காரை ஊற்றி நிரப்ப வேண்டும்.

மரமாகவே ஆகியிருந்தால் யாரையும் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். அந்த நிலையில் சுவரை வேர்தான் பிடித்து வைத்திருக்கும், மரத்தோடு சுவரும் வந்துவிடும். முட்டுக் கொடுத்து, அந்தப் பகுதியைக் கல் கல்லாகப் பிரித்து, மீண்டும் கட்ட வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் வேண்டும். இந்தச் செலவை விலை பேசும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவிலிருந்து பார்த்தால் இவை தெரியாது. முன்தெருவில் நின்று முகப்பின் சுதைச் சிற்பங்களைப் பார்த்தது போதும் என்று திரும்பாமல், பின்தெருவுக்குப் போங்கள். மட்டப்பாவில் (மொட்டைமாடியில்) ஏறுங்கள். ஏற முடியாத இடத்துக்கு நீளக் கம்பில் கைப்பேசியைக் கட்டிப் படம் எடுங்கள்.

எந்த மரம் எப்படி? எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றில்லை.

தென்னைக்கும் பனைக்கும் தடித்த வேர் கிடையாது, சல்லிவேர்தான். அஸ்திவாரத்துக்கு அவற்றால் தொந்தரவு இல்லை. தேங்காயும் மட்டையும் ஓட்டின் மேல் விழுவதுதான் தொல்லை. தென்னந்தூரிலோ தண்டிலோ ஓட்டையும் பழுப்பு நிறச் சாறும் இருந்தால் சிவப்புக் கூன்வண்டு உள்ளே இருக்கலாம். வெளியே பச்சையாக நிற்கும்போதே நடுத்தண்டு வெற்றாகியிருக்கும். பனை காற்றுக்கு அசைந்து கொடுத்து நிற்கும்.

புளி உறுதியான மரம். ஆனால் மிகப் பழைய புளியில் பெரிய பொந்து சாதாரணம். பொந்து இருந்தாலே விழுந்துவிடும் என்றில்லை. சுற்றியுள்ள உயிருள்ள மரச்சுவர் எவ்வளவு தடிமன் என்று பார்க்க வேண்டும். வேம்பு வேரோடு சாய்வது அரிது, ஒரு பக்கமாகக் கனத்த கொப்பு முறிவது உண்டு. இன்னொன்று, சமீப வருடங்களில் மழை, பனிக்காலத்தில் வேம்பின் நுனிகள் கருகித் தொங்குவதைப் பார்த்துவிட்டு மரம் செத்துவிட்டது என்று வெட்டுகிறார்கள். அது தேயிலைக் கொசு என்ற பூச்சியும் பூஞ்சையும் செய்யும் நுனிக்கருகல். பெரும்பாலான மரங்கள் கோடையில் திரும்பத் துளிர்த்துவிடுகின்றன. பங்குனி வரை பொறுங்கள்.

பெரிய மரமாக வளரும் மயில்கொன்றையும் (குல்மோகர்) தூங்குமூஞ்சியும் வீட்டை ஒட்டி இருந்தால் நாங்கள் யோசிப்போம். மயில்கொன்றை மேலோட்டமாக வேர் விடும், கட்டை நொய்மை. தூங்குமூஞ்சியின் கொப்புகள் வெகு தூரம் படுக்கையாக நீளும், ஈரத்தில் கனம் கூடி முறியும். முருங்கை சொல்லவே வேண்டாம், ஆனால் அது ஓட்டை உடைக்கும் அளவுக்குக் கனமில்லை. அரசு, ஆல், அத்தி ஆகியவற்றைச் சுவரிலிருந்து தூரத்தில் மட்டும் விரும்பலாம்.

எத்தனை அடி தூரம் இருந்தால் பயமில்லை?

ஒரே எண் எல்லோருக்கும் பொருந்தாது. இரண்டு தூரம் பாருங்கள். விழுந்தால் எங்கே வரும் என்பதற்கு மரத்தின் உயரமே அளவு. வெயிலில் ஒரு 3 அடிக் கம்பை நட்டு அதன் நிழலை அளந்து, மரத்தின் நிழலையும் அளந்தால் உயரம் கணக்கில் வந்துவிடும். அந்த வட்டத்துக்குள் வருவது படுக்கும் அறையா, சாமான் அறையா, ஓட்டுக்கூரையா, மட்டப்பாவா என்று பாருங்கள். வேருக்கு, தூரிலிருந்து இலைவிரிப்பின் விளிம்பு வரை உள்ள இடத்தில் தளம், குழாய், தொட்டி என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக நடுவதென்றால் பெரிய சாதி மரத்துக்கு 25 அடியாவது விடுங்கள்; மாதுளை, எலுமிச்சை மாதிரிச் சின்னவற்றுக்கு 8, 10 அடி போதும்.

வீடு பார்க்கப் போகும்போது மரத்தில் எதைக் கவனிப்பது?

தூரிலிருந்து தொடங்குங்கள். அடியில் தட்டுத்தட்டாகக் காளான் இருந்தால் உள்ளே அழுகல். மரம் சாய்ந்திருந்து, சாய்வுக்கு எதிர்ப்பக்கத்து மண் கிளம்பியோ வெடித்தோ இருந்தால் வேர் பிடி விட்டிருக்கிறது, இது அவசரம். சாய்ந்து, பிறகு வளைந்து நேராக மேலே போயிருந்தால் அது பழைய சாய்வு, மரம் தன்னைச் சரிசெய்துகொண்டது. ஒரே இடத்திலிருந்து இரண்டு தண்டு கூர்மையாகப் பிரிந்து, நடுவில் பட்டை உள்ளே மடங்கியிருந்தால் காற்றில் பிளக்கும் இடம் அதுதான். பட்ட கொப்புகள் எத்தனை, எந்த அறைக்கு மேலே என்று எண்ணுங்கள்.

அண்மையில் பக்கத்தில் சாலை உயர்த்தினார்களா, சாக்கடைக்கு வாய்க்கால் தோண்டினார்களா, சுற்றுச்சுவர் கட்டினார்களா என்று அக்கம்பக்கத்து ஆச்சிமார்களிடம் விசாரியுங்கள். ஒரு பக்கத்து வேரை வெட்டிய மரம் அடுத்த பெருமழையில்தான் அதைக் காட்டும். விற்கிறவருக்குச் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருந்துகொண்டு இதெல்லாம் தெரியாமலே இருக்கலாம், எதிர்வீட்டாருக்குத் தெரியும்.

முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்துகொண்டிருக்கும்போது ஒரு முறை போய்ப் பாருங்கள். கோடையில் பார்த்து வாங்கிய வீட்டின் ஒழுகல் மழை வந்த பிறகுதான் தெரியும்.

கஜா புயல் மாதிரி இன்னொன்று வந்தால்?

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா, புதுக்கோட்டை மாவட்டம் வழியாக உள்ளே வந்தது. தென்னை, பலா, மா என்று வேரோடு சாய்ந்தன. கடலிலிருந்து தள்ளி இருக்கிறோம் என்ற நம்பிக்கை நம் பக்கத்துக்கும் அன்றோடு போனது. அன்று நின்ற மரங்களை இன்று பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: நின்றதாலேயே முழு உறுதி என்றில்லை. ஒரு பக்கத்து வேர் அறுந்து, கொஞ்சம் சாய்ந்து, பிறகு நிலைத்தவை உண்டு. அந்தப் புயலில் இந்த மரம் என்ன ஆயிற்று என்று ஊராரிடம் கேளுங்கள். இடம் இருந்து, தலை கனக்காமல் அளவாகக் கழித்து வைத்த மரத்துக்குக் காற்றில் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

மரம் யாருக்குச் சொந்தம் என்று எப்படி உறுதி செய்வது?

தூர் எந்த நிலத்தில் நிற்கிறதோ அந்த நிலத்தின் உரிமையாளருக்கு. புல வரைபடத்தை வைத்து சர்வேயர் அளந்து எல்லைக் கல் காட்டும்போது மரம் எந்தப் பக்கம் விழுகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். எல்லைக்கோட்டின் மேலேயே தூர் நின்றால் இரு வீட்டாரும் சேர்ந்துதான் எதையும் செய்ய வேண்டும். தூர் புறம்போக்கில் நின்றால் மரம் அரசுக்கு. அதன் பலனை அனுபவிக்க யாருக்காவது 2சி பட்டா கொடுத்திருக்கிறார்களா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். வில்லங்கச் சான்றில் இவை எதுவும் வராது.

பங்கு பிரியாத வளவு வீடுகளில் கொல்லை மரமும் பொதுதான். ஒரு புள்ளி (பங்குள்ள ஒரு குடும்பம்) மட்டும் மரத்தை வியாபாரிக்கு விற்க முடியாது. விற்றிருந்தால் மற்ற பங்காளிகள் பிறகு கேட்பார்கள். புளி, மா இருந்தால் இந்த வருடக் காய்ப்பைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். கிரயப் பத்திரத்தில் மாவடை, மரவடை உட்பட என்று வழக்கமாக எழுதுவார்கள். அதோடு நிற்காமல், ஒப்பந்தம் போடும் அன்றே என்னென்ன மரங்கள், எங்கே நிற்கின்றன என்று எழுதிப் படமும் இணையுங்கள். ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் நடுவே தேக்கு காணாமல் போகும் வழக்குகள் உண்டு.

என் நிலத்து மரத்தை வெட்ட அனுமதி வேண்டுமா?

மலைப்பகுதிகளுக்கு 1955ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, செட்டிநாடு அதில் வராது. சொந்தப் பட்டா நிலத்து வேம்பு, புளி, மா போன்றவற்றுக்குப் பொதுவாகத் தடையில்லை. இருந்தாலும் மாநகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எதுவானாலும் அந்த அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். சந்தனம் சொந்த நிலத்தில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடக்கூடாது. தேக்குக் கட்டையை ஏற்றிச் செல்வதற்கும் வனத்துறையில் விதிகள் உண்டு, முதலில் விசாரியுங்கள். தெருவோர மரம் உங்கள் வாசலை மறைத்தாலும் உங்களுடையதல்ல.

பக்கத்து வீட்டு மரம் எங்கள் ஓட்டின் மேல் சாய்கிறது. அவர்கள் ஊரிலேயே இல்லை. என்ன வழி?

உங்கள் எல்லைக்குள் நீண்டு வந்த கொப்பை எல்லைக்கோடு வரை கழிக்க உங்களுக்கு உரிமை உண்டு. அவர்கள் நிலத்துக்குள் இறங்கிக் கழிக்கவோ, மரம் பட்டுப்போகும்படி வெட்டவோ உரிமை இல்லை. முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள். இந்த ஊர்களில் யாராவது ஒருவருக்கு அவர்கள் எண் தெரிந்திருக்கும். "அண்ணே, உங்க கொல்லைப் புளி எங்க ஓட்டு மேல கிடக்கு, ஆளை விட்டுக் கழிச்சிக்கிறோம்" என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். அப்புறம் அதையே படத்தோடு எழுத்தில், ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். மரம் ஆபத்தாக இருப்பது தெரிந்தும் கவனிக்காமல் விட்டார் என்று காட்டினால்தான் பிறகு நஷ்டம் கேட்க வழி இருக்கும். அதற்கு அந்தக் கடிதம் வேண்டும்.

மரமே விழும் நிலையில் இருந்து, உரிமையாளர் அசையாவிட்டால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133) விழுந்து ஆளுக்கு ஆபத்து செய்யக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரத்தை கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவருக்குக் கொடுக்கிறது.

வீடு வாங்கும் முன்பே இந்தத் தகராறு இருந்தால் விற்கிறவர் பெயரில் அந்தக் கடிதத்தை அனுப்பச் சொல்லுங்கள். பதில் வரும் விதத்திலேயே பக்கத்து வீட்டாரைப் பற்றித் தெரிந்துவிடும்.

வாங்கியவுடன் மரத்தை வெட்டிவிட்டுக் குடிபோகலாமா?

மேலே சொன்ன அவசர அடையாளங்கள் இல்லாவிட்டால் ஒரு வருடம் பொறுங்கள். ஒரு கோடை, ஒரு ஆடிக் காற்று, ஒரு ஐப்பசி மழை பார்த்த பிறகு முடிவெடுங்கள். களிமண் மனையாக இருந்தால் பெரிய மரத்தைச் சட்டென்று எடுப்பதாலேயே மண் ஈரமேறி உப்பித் தளத்தைத் தூக்கலாம். செம்மண்ணில் அந்தப் பயம் இல்லை, ஆனால் விட்டுப்போன அடிக்கட்டையும் வேரும் மக்கும்போது கரையான் சேரும். வெட்டுவதென்றால் தூரையும் தோண்டி எடுக்கும் கூலியைச் சேர்த்தே பேசுங்கள்.

குடிபோகும் அவசரத்தில் புதுக் கழிவுநீர்த் தொட்டிக்கு மரத்தடியில் குழி தோண்டுகிறார்கள். நிலையாக நின்ற மரத்தைக் கெடுப்பதில் இதற்கு ஈடில்லை. வீட்டுப் பக்கத்து வேரை அறுத்தால் மரம் எதிர்ப்பக்கம் சாயும், எதிரில் இருப்பது பக்கத்து வீடு.

கழிப்பதை எப்படிச் செய்யச் சொல்ல வேண்டும்?

மொட்டையடிக்க விடாதீர்கள். தலையை வெட்டினால் வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும். அந்தத் துளிர்கள் பட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டு தடிக்கும், சில வருடத்தில் அவைதான் முதலில் முறியும்; வெட்டிய வாயில் தண்ணீர் இறங்கி நடுத்தண்டு இற்றுப்போகும். பட்டதையும் ஒன்றோடொன்று உரசுவதையும் ஓட்டின் மேல் தாழ்ந்ததையும் எடுத்துவிட்டு, உள்ளே காற்று நுழையும்படி விட்டால் போதும். கொப்பு தண்டோடு சேரும் இடத்தில் ஒரு தடித்த வளையம் தெரியும். அதை ஒட்டி வெளியே அறுத்தால் காயம் தானே மூடும். பெரிய கொப்பைக் கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்கச் சொல்லுங்கள். புரட்டாசிக்கு முன் முடித்துவிடுவது நல்லது.

மின்கம்பியில் கிளை உரசுகிறது.

நீங்களோ கூலியாளோ தொடவே கூடாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் வெட்ட வேண்டும். ஈரக் கொப்பு மின்சாரத்தைக் கடத்தும்.

இலை உதிர்வதால் ஓட்டுக்கூரைக்குக் கெடுதலா?

ஆம். வேரைவிட இதுதான் தினசரித் தொல்லை. வளவைச் சுற்றியுள்ள ஓட்டுச் சரிவுகள் உள்முற்றத்தை நோக்கி இறங்கும். இரண்டு சரிவு கூடும் மூலையில் சருகு அடைந்தால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறி, ரீப்பரை (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டத்தை) நனைத்து, உத்திரத்தில் இறங்கும். தேக்கிலை ஒன்றே போதும் குழாய் வாயை மூட. வேப்பஞ்சருகு சின்னது, ஆனால் நாட்டு ஓட்டின் இடுக்கில் நுழைந்து மக்கி மண்ணாகும். அதில்தான் அரசு முளைக்கும். முன்பு வீட்டில் ஆள் இருந்த காலத்தில் மழைக்கு முன் ஓடு மாற்றுவார்கள், அப்போதே சருகும் போய்விடும். பூட்டிய வீட்டில் அது நின்றுபோனது. முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் துவாரத்தில் ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள். வேகமாக ஓடாவிட்டால் உள்ளே சருகோ வேரோ அடைத்திருக்கிறது.

மரம் விழுந்தால் காப்பீட்டில் கிடைக்குமா?

2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுக் காப்பீட்டில் புயலும், மரம் போன்ற வெளிப்பொருள் விழுந்து ஏற்படும் சேதமும் அடங்கும். மெதுவாக வேர் செய்த விரிசலும், சாதாரணமாகக் கட்டடம் இறங்குவதும் அடங்காது. வருடத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடு என்பதை விண்ணப்பத்திலேயே சொல்லி, ஏற்றுக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். சுண்ணாம்புச் சுவரும் தேக்குத் தூணும் உள்ள வீட்டைத் திரும்பக் கட்டும் செலவு சதுர அடிக் கணக்கில் வரும் சாதாரணக் கட்டுமானச் செலவைவிட அதிகம். காப்பீட்டுத் தொகையை அதற்கேற்பச் சொல்ல வேண்டும்.

மரத்தடியில் சாமி இருக்கிறது. வாங்கிய பிறகு எங்களுடையதுதானே?

நிலம் உங்களுடையது. ஆனால் வேம்படியில் நாகரோ முனியோ அம்மனோ இருந்து, ஒரு குடும்பம் வருடா வருடம் வந்து படைக்கிறது என்றால் அதை முன்பே தெரிந்துகொண்டு வாங்குங்கள். யார் வருகிறார்கள், எந்த மாதம், எந்த வாசல் வழியாக என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் மனத்தாங்கல் வராது. அந்த வழக்கத்தை நிறுத்தும் எண்ணத்தோடு வாங்குகிறவர்களிடம் வேறு வீடு பார்க்கச் சொல்லிவிடுகிறோம். பல தலைமுறை விளக்கேற்றிய இடம் அது.

புளியமரம் வீட்டருகே ஆகாது என்கிறார்களே?

இரவில் அதன் கீழ் படுக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னதற்கு வௌவால், பூச்சி, விழும் கொப்பு என்று காரணங்கள் இருந்திருக்கும். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அதையும் ஒரு காரணமாக மதித்து வேறு வீடு பாருங்கள். மரத்தின் மேல் வேறு குற்றம் இல்லை.

மரத்தைக் காட்டி விலையைக் குறைக்கலாமா?

பொத்தாம்பொதுவாகக் கேட்டால் நடக்காது. மரம் ஏறுகிறவரிடம் கழிக்கும் கூலி, கொத்தனாரிடம் சுவர் வேர் எடுத்து மூடும் செலவு, ஓட்டு வேலைக்காரரிடம் கூரைச் செலவு என்று தனித்தனியாக எழுதி வாங்கிக்கொண்டு போனால் பேச்சு நடக்கும்.

நாங்கள் வெளியூரில் இருப்போம். வருடத்தில் எப்போதெல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும்?

புரட்டாசியில் ஒரு முறை ஓட்டின் மேல் ஏறிச் சருகு அள்ளி, குழாய் வாய் திறந்து, சுவரில் முளைத்ததை உருவ வேண்டும். தை பிறந்ததும் மறுபடி ஏறினால் மழையில் புதிதாக முளைத்த கன்றுகள் இளசாக இருக்கும்போதே வந்துவிடும். வைகாசியில் கொல்லை மரங்களின் தூரையும் கொப்பையும் பார்த்தால் ஆடிக்கு முன் கழிக்க நேரம் இருக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று அதே மூலைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓட்டில் ஏறுகிறவருக்குக் கூலியோடு கயிறும் ஏணியும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.